மூச்சை எண்ணத் தெரிந்த வீடு: குழந்தைகளின் காய்ச்சலும் இருமலும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் ஊர்க் குழந்தைகள் பிரிவில் இரவு ஒன்பது மணிக்கும் பெஞ்சு காலியாகாது. அப்படி ஓர் இரவில் இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்து வந்தன. முதல் குழந்தைக்கு இரண்டு வயது. காய்ச்சல் 103 டிகிரி. தூக்கிக்கொண்டு ஓடிவந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. குழந்தையோ என் மேஜைமேல் இருந்த டார்ச்சை எடுத்து எரியவிட்டு அணைத்து, எரியவிட்டு அணைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

அடுத்தது எட்டு மாதக் கைக்குழந்தை. அப்பாயி மடியில் கிடந்தது. "காய்ச்சல்லாம் ஒண்ணும் பெருசா இல்லைங்க டாக்டரம்மா. உடம்பு வெதுவெதுன்னுதான் இருக்கு. நெஞ்சுல சளி கட்டியிருக்கு, அவ்வளவுதான். மத்தியானத்துலேர்ந்து பால் மட்டும் சரியாக் குடிக்கல" என்றார். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே, வயிற்றை ஒட்டிய இடம் குழி விழுந்து எழுந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 68.

103 டிகிரிக் குழந்தை அன்றிரவே மருந்துச் சீட்டோடு வீட்டுக்குப் போனது. 'வெதுவெது' குழந்தைக்கு நிமோனியா. ஆக்சிஜன் வைத்து ஐந்து நாள் வார்டில் வைத்திருந்தோம். பிழைத்துக்கொண்டது. இன்னும் ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை.

அந்த அப்பாயி குழந்தையை அலட்சியமாக விட்டவர் அல்லர். ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். அவருக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கப்பட்டது சூட்டை மட்டும்தான். நம் வீடுகளில் எல்லோருக்கும் அப்படித்தான். நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம். கொதித்தால் பதறுகிறோம், கொதிக்காவிட்டால் நிம்மதியாகிறோம். சூட்டைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மூன்று: மூச்சு, மூத்திரம், முகம். மூச்சு வேகமாக இருக்கிறதா? வழக்கம்போல் சிறுநீர் போகிறதா? முகத்தில் தெளிவு இருக்கிறதா, அம்மாவைப் பார்த்தால் கண் தேடுகிறதா? இந்த அத்தியாயம் முழுவதும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

காய்ச்சல் எதற்காக வருகிறது

உடம்புக்குள் கிருமி நுழைந்ததும், மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ் என்ற பகுதி உடம்பின் வெப்பத்தை வேண்டுமென்றே கூட்டிவைக்கிறது. சூடு கூடினால் பல கிருமிகள் பெருகுவது மட்டுப்படும். எதிர்ப்பு அணுக்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். காய்ச்சல் ஏறும்போது நெற்றி கொதிக்க, கை கால் மட்டும் சில்லென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பம் வெளியே போய்விடாமல் இருக்கத் தோலுக்கு வரும் ரத்தக்குழாய்களை உடம்பே சுருக்கிக்கொள்வதால் வருவது அது. அந்த நேரம் பார்த்துப் போர்வைமேல் போர்வையாகப் போர்த்தினால் சூடு இன்னும் ஏறத்தான் செய்யும். மெல்லிய பருத்திச் சட்டை போதும். ஃபேன் மெதுவாகச் சுற்றட்டும்.

"காய்ச்சல் தலைக்கு ஏறி மூளையைப் பாதித்துவிடுமா?" என்பது நான் நாள் தவறாமல் கேட்கும் கேள்வி. சளிக் காய்ச்சலிலும் வைரஸ் காய்ச்சலிலும் வரும் 102, 103 டிகிரிச் சூடு மூளையைக் கெடுக்காது. மூளைக்காய்ச்சல் என்பது வேறு; அதில் கிருமியே மூளையைத் தாக்குகிறது. கழுத்து விறைப்பது, உச்சிக்குழி புடைத்து நிற்பது, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அழுவது, மயக்கம் இவையெல்லாம் அதன் அடையாளங்கள். அப்போது ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

கையால் தொட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பாமல் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். அக்குளை வியர்வை இல்லாமல் துடைத்துவிட்டு, தெர்மாமீட்டரின் முனை தோலைத் தொடும்படி வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடியுங்கள். 'பீப்' சத்தம் வரும்வரை பொறுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் இருந்தால் காய்ச்சல். பாதரசம் உள்ள கண்ணாடித் தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தால் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். உடைந்தால் உள்ளே இருப்பது நஞ்சு.

கைக்குழந்தை விஷயத்தில் மட்டும் வெப்பத்தின் அளவு தலையாய விஷயமாகிவிடுகிறது. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு அக்குளில் 99.5 டிகிரி வந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூன்று மாதம் வரை 100.4 வந்தால் வீட்டு மருந்து எதுவும் கொடுக்காமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். அந்த வயதில் உடம்பு சில்லிட்டுப்போவதும் காய்ச்சலைப் போலவே ஆபத்தானது. பால் உறிஞ்ச மறுக்கிறது, துவண்டு கிடக்கிறது, அழுகுரல் மாறிவிட்டது என்றாலும் அதே அவசரம்தான்.

பல் முளைப்பதால் காய்ச்சல் என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். பல் வரும்போது ஈறு நமைக்கும், வாய் ஒழுகும், குழந்தை சிணுங்கும். 102 டிகிரிக் காய்ச்சல் பல்லால் வருவதில்லை. வேறு காரணத்தைத் தேட வேண்டும். சளியும் இல்லை, இருமலும் இல்லை, காய்ச்சல் மட்டும் அடிக்கிறது என்றால், சிறு குழந்தைகளில், குறிப்பாகப் பெண் குழந்தைகளில், அது சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம். ஒரு சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து

காய்ச்சலுக்கு வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்க மருந்து ஒன்றே ஒன்றுதான், பாராசிட்டமால். அதையும் குழந்தை சோர்ந்து வலியில் தவிக்கும்போது கொடுத்தால் போதும். 100.5 டிகிரியில் ஓடி விளையாடும் குழந்தையைப் பிடித்து நிறுத்தி மருந்து புகட்ட வேண்டாம். தூங்கும் குழந்தையை எழுப்பிக் கொடுக்கவும் வேண்டாம்.

அளவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி. நாளொன்றுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. கணக்கு எளிதுதான். ஆனால் கடையில் கிடைக்கும் பாட்டில்கள்தான் ஆளைக் குழப்புகின்றன. 10 கிலோ குழந்தை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டியது 150 மில்லிகிராம். லேபிளில் '5 மி.லி.யில் 125 மி.கி.' என்று போட்ட சிரப்பானால் 6 மி.லி. கொடுக்க வேண்டும். '5 மி.லி.யில் 250 மி.கி.' என்று போட்டிருந்தால் 3 மி.லி.தான். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மி.லி.க்குள் 100 மி.கி. இருக்கும், அதில் 1.5 மி.லி.யே போதும். பெயர் ஒன்று, நிறம் ஒன்று, மருந்தின் வீரியம் மூன்று விதம். 'போன தடவை 6 மி.லி. கொடுத்தோமே' என்று சொட்டு மருந்திலிருந்து 6 மி.லி. எடுத்துக் கொடுத்தால், அந்தக் குழந்தைக்கு ஒரு முழு நாளைக்கு உச்ச வரம்பான அளவு ஒரே விழுங்கில் போய்விடும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும். கெடுவது முதல் நாளில் வெளியே தெரியாது.

அதனால் பாட்டிலோடு வரும் மூடியையோ, ஊசி இல்லாத சிரிஞ்சையோ கொண்டு மட்டும் அளந்து கொடுங்கள். எவர்சில்வர் ஸ்பூன் வீட்டுக்கு வீடு ஒரு அளவு. 'சளி, காய்ச்சல் இரண்டுக்கும்' என்று கொடுக்கப்படும் கூட்டு மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். அதையும் கொடுத்து இதையும் கொடுத்தால் இரட்டிப்பு. ஆசனவாயில் வைக்கும் மருந்தும் கணக்கில் சேர்த்திதான்.

மருந்து கொடுத்த அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். அதுவும் சூட்டை ஒன்று, இரண்டு டிகிரி இறக்கும், 98.4-க்குக் கொண்டுவந்து நிறுத்தாது. மருந்து கொடுத்தும் 101 இருக்கிறதே என்று வேறு மருந்து தேடிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அவசரத்தில்தான் மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் போன்றவை வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. டெங்கு காலத்தில் இவை ரத்தக் கசிவைக் கூட்டும். மெஃபனமிக் ஆசிட் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை எதிர்வினையை உண்டாக்கலாம் என்று 2023 நவம்பரில் இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் எச்சரித்தது. நிமிசுலைடை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுப்பது 2011-லேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆஸ்பிரின் குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கூடவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது வழி திறந்துவிடும்.

துணியை நனைத்துத் துடைப்பதென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் செய்யுங்கள். ஐஸ் தண்ணீரோ குளிர்ந்த நீரோ வேண்டாம். உடம்பு நடுங்கினால் சூடு கூடும். துடைக்கும்போது குழந்தை வீறிட்டு அழுதால் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, பட்டினி. காய்ச்சல் வந்தால் சோறு கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் நிறுத்திவிடுவார்கள். பசித்தால் சாப்பிடட்டும். குழைந்த ரசம் சாதம், இட்லி, கஞ்சி, எது பிடிக்கிறதோ அது. சாப்பிடாவிட்டாலும் இரண்டு நாளுக்குப் பரவாயில்லை, தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. இளநீர், மோர், கஞ்சித் தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இன்னும் அதிக தடவை பால் கொடுங்கள். தாய் தலைக்குக் குளித்ததால் பால் வழியாகக் குழந்தைக்குச் சளி பிடித்தது என்பது தாயைக் குற்றவாளியாக்கும் பேச்சு. சளி வருவது வைரஸால். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீர் போகிறதா என்று கவனியுங்கள். எட்டு மணி நேரமாகியும் டயப்பர் காய்ந்தே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ஜன்னி கண்டால்

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள், நூறு குழந்தைகளில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி, வாயில் நுரை தள்ளும். பெற்றவர்களுக்கு அதைவிடக் கொடுமையான காட்சி வேறில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். மூளைக்குப் பாதிப்பு வராது.

அந்த இரண்டு நிமிடங்களில் செய்ய வேண்டியது: குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் வழிவது வெளியே வர விட்டு, கழுத்துப் பித்தானைக் கழற்றி, மணியைப் பாருங்கள். வாயில் ஸ்பூன், விரல், துணி எதையும் திணிக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எதுவும் ஆவதில்லை. ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால், அல்லது நின்று மறுபடி வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். முதல் தடவையாக வந்திருந்தால், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாந்தம் என்று சொல்லி வேப்பிலை அடிக்கவோ சூடு போடவோ அழைத்துப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சூடு போட்ட தழும்போடு வரும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தழும்பு வாழ்நாள் முழுக்க இருக்கும்.

ஒரு தடவை வந்த குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இன்னொரு காய்ச்சலில் மறுபடி வரலாம். முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்து அதைத் தடுத்துவிட முடியாது. எனவே யாரும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம்.

மழைக்காலக் காய்ச்சல்: சூடு விட்ட பிறகுதான் கவனம்

சாதாரண வைரஸ் காய்ச்சல் மூன்று நான்கு நாளில் இறங்கிவிடும். மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலமென்றால் இரண்டாம் நாளே பாருங்கள், டெங்கு இருக்கலாம்.

டெங்குவின் போக்கு நம் வழக்கமான நம்பிக்கைக்கு நேர்மாறானது. காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். டெங்குவில் ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் சூடு இறங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். விடாத வயிற்று வலி, அடிக்கடி வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, காய்ச்சலே இல்லாமல் கை கால் சில்லென்று ஆவது, குழந்தை பேசாமல் சுருண்டு படுத்துக்கொள்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குத் தூக்குங்கள். எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே துரத்துகிறார்கள். அந்த எண்ணைவிட உடம்பில் நீர்ச்சத்து எப்படி இருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச் சாறோ கொடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் இந்த அறிகுறிகளைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

இருமல்

பால்வாடிக்கும் அங்கன்வாடிக்கும் போகத் தொடங்கிய குழந்தைக்கு வருடத்தில் ஆறிலிருந்து எட்டு தடவை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொரு தடவையும் இருமல் இரண்டு, மூன்று வாரம்கூட இழுக்கும். கூட்டிப் பார்த்தால் மழைக்காலத்தில் பாதி நாள் மூக்கு ஒழுகும். 'எதிர்ப்புச் சக்தியே இல்லை' என்று பொருள் இல்லை. எதிர்ப்புச் சக்தி பாடம் படித்துக்கொண்டிருக்கிறது.

இருமல் என்பது சளியை வெளியே தள்ளும் வேலை. சிறு குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. விழுங்கிவிடும், பிறகு வாந்தியில் வரும். அப்படி வந்தால் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேகமூச்சுக்கு. எண்ணும் முறையைச் சொல்கிறேன். குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிடுங்கள். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. செல்போனில் ஒரு நிமிடம் வைத்து, முழு நிமிடமும் எண்ணுங்கள்; கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது, குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குக் கீழ் 60-ஓ அதற்கு மேலோ, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50-ஓ அதற்கு மேலோ, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40-ஓ அதற்கு மேலோ இருந்தால் வேகமூச்சு. உலக சுகாதார நிறுவனம் கிராமப்புறச் சுகாதாரப் பணியாளர்களுக்காக வகுத்த அளவு இது. ஸ்டெதாஸ்கோப் இல்லாமலே நிமோனியாவைச் சந்தேகிக்க இது போதும். கூடவே விலாவுக்குக் கீழே உள்வாங்கினால், மூக்குத் துவாரம் விரிந்து சுருங்கினால், முனகல் சத்தம் வந்தால், உதடு நீலம் பாரித்தால் விடியும்வரை காத்திருக்க நேரமில்லை.

மூச்சு விடும்போது விசில் போல் சத்தம் வந்தால் இளைப்பு, இப்போது எல்லோரும் 'வீசிங்' என்கிறார்கள். இதற்கு இன்ஹேலர் எழுதினால் பல வீடுகளில் முகம் மாறிவிடும். "பழகிப் போயிடுமே டாக்டரம்மா, சிரப்பே குடுத்துடுங்க" என்பார்கள். இந்தக் கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் சிரப் 5 மி.லி.யில் இருப்பது 2 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, நெஞ்சைப் படபடக்க வைத்துவிட்டு நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் வைத்து உறிஞ்சும் மருந்து நேராக நுரையீரலுக்கே போகிறது. பழக்கமாகாது. எழுதிக் கொடுத்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

நாய் குரைப்பது போல் இருமி, மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சிட்டால் குரல்வளை வீங்கியிருக்கிறது. அன்றிரவே காட்ட வேண்டும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குக் கடலை தின்னும்போது திடீரென்று புரையேறி, பிறகு இருமல் நிற்காமலே இருந்தால், கடலை மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமலும் போகும். எனவே 'கடலை தின்னும்போது ஆரம்பித்தது' என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஐந்து வயது வரை முழு வேர்க்கடலை கொடுக்கவே வேண்டாம், இடித்துக் கொடுங்கள்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டி, எடையும் குறைந்து, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால் அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம். ஒரு வார்த்தை: குழந்தை ஒல்லியாக இருக்கிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதற்காக மட்டும் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று முத்திரை குத்தி ஆறு மாதம் மருந்து கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். என்ன பரிசோதனையில் உறுதியானது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இருமல் சிரப் வேண்டாம்

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி இருமலுக்கு மருந்து குடித்த குழந்தைகளுக்கு அடுத்தடுத்து சிறுநீர் நின்றுபோனது. சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் இருந்தவர்கள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்து சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஓர் ஆலையில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு டைஎதிலீன் கிளைக்கால் இருந்தது. ஏற்கத்தக்க வரம்பு 0.1 விழுக்காடு. தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான் அது. இனிப்பாக இருக்கும், சிறுநீரகத்தைக் கொல்லும். 2022-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததும் இந்தியாவிலிருந்து போன சிரப்புகளில் இருந்த இதே வகை நஞ்சால்தான்.

இது நம் மண்ணில் நடந்த குற்றம். குற்றவாளிகளை அரசு பார்த்துக்கொள்ளட்டும். வீட்டுக்குள் இருக்கும் நமக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது: நஞ்சு கலக்காத நல்ல சிரப்தான் அந்தக் குழந்தைகளுக்கு என்ன செய்திருக்கும்? ஒன்றும் செய்திருக்காது. சிறு குழந்தைகளின் சளி இருமலைச் சீக்கிரம் குணமாக்கும் சிரப் எதுவும் இல்லை. 2023 டிசம்பரில் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் கலந்த கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் தரக் கூடாதென்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார். சிந்த்வாரா சாவுகளுக்குப் பிறகு மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குள் சளி இருமல் மருந்தே எழுதக் கூடாது, ஐந்து வயது வரையிலும் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. மெடிக்கல் ஷாப்பில் போய் 'இருமலுக்கு ஏதாவது நல்ல சிரப்பாக் குடுங்க' என்று கேட்கும் வழக்கத்தை நாம் விட வேண்டும்.

ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். சளி, வைரஸின் வேலை. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. போன மாதம் மிச்சமான பாட்டிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். பவுடராக வரும் மருந்தைக் கலக்கினால் பெரும்பாலும் ஏழு நாள்தான் ஆயுள். மருத்துவர் எழுதியிருந்தால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, நன்றாகக் குலுக்கி, சொன்ன நாள் வரை முழுவதும் கொடுங்கள்.

கைவைத்தியத்தில் கொள்வதும் தள்ளுவதும்

ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு இரவில் அரை ஸ்பூன் தேன் தொண்டைக்கு இதம். இரவு இருமலையும் ஓரளவு தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரி கைக்குழந்தையின் தசைகளைத் தளரவைத்து மூச்சையே நிறுத்திவிடும். பிறந்ததும் சேனை வைக்கத் தேன் தொடுவதையும் நிறுத்துங்கள். பெரிய குழந்தைக்குத் துளசி, கற்பூரவல்லி கஷாயமோ மஞ்சள் மிளகுப் பாலோ வெதுவெதுப்பாகக் கொடுப்பதில் தவறில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர உரைமருந்து உட்பட எதுவும் வேண்டாம்.

மூக்கடைத்துப் பால் குடிக்கத் திணறும் கைக்குழந்தைக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தை, பால் கொடுப்பதற்குச் சற்று முன் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விடுங்கள். இதைவிட எளிதான, நல்ல வைத்தியம் சளிக்கு இல்லை.

தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. பாசத்தோடு செய்வதுதான், ஆனாலும் விட்டுவிடுங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். சிறு துண்டைக் குழந்தை விழுங்கினால் வலிப்பே வரும். பூஜை அலமாரிக் கற்பூர டப்பாவும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மூக்கில் எண்ணெய் விடுவது, குளிப்பாட்டி முடித்ததும் மூக்கில் ஊதுவது, தொண்டைக்குள் விரல் விட்டுத் தொக்கம் எடுப்பது மூன்றும் வேண்டாம். விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும். ஆவி பிடிக்க வைத்த வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்த குழந்தைகள் வருடம் தவறாமல் வருகிறார்கள். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் அப்பாவின் பீடி சிகரெட் புகையும் இருமலுக்கு எண்ணெய் ஊற்றுவது போல.

தடுக்க முடிந்ததைத் தடுப்போம். கக்குவான் இருமலையும் ஒரு வகை நிமோனியாவையும் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14-ஆவது வாரங்களில், நிமோகாக்கஸ் ஊசி 6, 14-ஆவது வாரங்களிலும் ஒன்பதாவது மாதத்திலும், தட்டம்மைக்கு எம்.ஆர். ஊசி ஒன்பதாவது மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும். புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம். லேசான சளி இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டு காரியங்கள் மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். குழந்தையை எடை போட்டு, தேதியோடு காலண்டரில் எழுதி வையுங்கள். நள்ளிரவில் மருந்து அளக்கும்போது அது வேண்டியிருக்கும். பிறகு இன்றிரவு, குழந்தை எந்த நோயும் இல்லாமல் நன்றாகத் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடம் அதன் மூச்சை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணையும் எடைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.